என் வயது முப்பத்தொன்பது

ஜூன் 16, 2025, திங்கள்

என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஹஃப்சா விளக்கைத் திருப்பி இன்னொரு முறையும் பார்த்தாள். மருத்துவக் கல்லூரியில் என் அறைத்தோழி அவள். இப்போது திருவண்ணாமலையிலேயே சொந்தமாக கிளினிக் நடத்துகிறாள். அவள் ஒன்றை இரண்டு முறை பார்த்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"இது முப்பத்தொன்பது வயசுக் கண்ணு இல்லடி அன்பு. ரத்தக்குழாயெல்லாம் கம்பி மாதிரி மின்னுது. அம்பது தாண்டினவங்ககிட்டதான் நான் இப்பிடிப் பாப்பேன்."

தலைவலிக்காகப் போனேன். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பிரஷர் பார்த்தாள். கருவி தப்பாகக் காட்டுகிறது என்று வேறு கருவி எடுத்து மறுபடி பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. சிறுநீரில் புரதம் கசிகிறது. மாதவிலக்கு நின்று எவ்வளவு நாளாச்சு என்று கேட்டாள். போன தீபாவளிக்குப் பிறகு வரவில்லை என்றேன்.

"ஏண்டி, நீ டாக்டர்தானே?"

டாக்டர்தான். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்கு வருஷமாகப் பொறுப்பு மருத்துவர். நாளெல்லாம் அடுத்தவர் கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிறேன். என் கையில் கட்டத் தோன்றவில்லை.

வேலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது, இந்த வருஷம் எங்கள் நிலையத்தில் பிரசவம் ஜாஸ்தி என்றேன்.

"நான் அதக் கேக்கல."

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கிளம்பும்போது, தினமும் என்ன நடந்தது என்று எழுதி வை, கேஸ் ஷீட் மாதிரி எழுதாதே, உனக்கே எழுதுகிற மாதிரி எழுது என்றாள். எழுதுகிறேன்.

ஜூன் 17

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். படிக்கத் தெரியாது. ஆனால் அதே மாத்திரையை அவளும் விழுங்குகிறாள், அதன் நிறம் தெரியும்.

கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பூண்டு உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "எங்கம்மா நாப்பதுலயே கெழவி ஆயிட்டா. எனக்கு முப்பது தாண்டினதும் இது வந்துடுச்சி. உங்க நைனா அம்பத்தொண்ணுல போய்ட்டாரு. அது நம்ம வாகு கண்ணு. நம்ம ஒடம்பு சீக்கிரம் தேயற ஒடம்பு."

நம்ம வாகு.

நைனா பெயர் காசி. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தார். காசி வந்தால்தான் ஊர்த்தெருவில் விளக்கு எரியும். மழையில் கம்பம் ஏறுவார். இறங்கி வந்து தண்ணீர் கேட்டால் உள்ளங்கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். அவர் ஒருநாளும் வீட்டில் அதைச் சொன்னதில்லை. கூட வேலை செய்தவர் அவருடைய சாவு வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூளையில் ரத்தக் கசிவு. அப்போது நான் மருத்துவம் மூன்றாம் வருஷம். அவருக்கு எத்தனை வருஷமாக பிரஷர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

எங்கள் காலனியிலிருந்து மருத்துவம் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அவர் எங்கள் ஊரான அடி அண்ணாமலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். கேட்டவர்கள் எல்லோரும் காது கொடுத்திருப்பார்களா? கொடுக்காவிட்டால் என்ன, அவர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

ஹஃப்சா ஒரு கருவியை மாட்டிவிட்டிருக்கிறாள். இடுப்பில் சின்னப் பெட்டி, மேல்கையில் பட்டை. ஒரு நாள் முழுக்க, தூக்கத்திலும்கூட, அரைமணிக்கு ஒருமுறை தானாகக் காற்றடித்து பிரஷரைப் பதிந்துகொள்ளும். வேலைநாளில்தான் போட வேண்டும் என்றாள். வெள்ளை கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனேன்.

பதினோரு மணி வாக்கில் டீ வந்தது. எல்லோருக்கும் ஸ்டீல் டம்ளர், எனக்குக் காகிதக் கப். நான்கு வருஷமாக அப்படித்தான். மருந்தாளுநர் பாலாஜியின் ஏற்பாடு அது. நான் வந்து சேர்ந்த வாரத்தில் தொடங்கியது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த டாக்டர் எதில் குடித்தார் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை.

கண்ணாயிரம் வந்தார். ஊராட்சியில் முன்பு துணைத்தலைவராக இருந்தவர். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். வாசலிலேயே நின்று, நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாலாஜியைக் கேட்டார்: "சின்ன டாக்டரம்மா இல்லியா?" சின்ன டாக்டரம்மா என்றால் தேவிப்ரியா, என் இளைய மருத்துவர். அவள் பக்கத்து ஊர், அவர் சாதி. வார்டில் இருக்கிறாள் என்றார் பாலாஜி. "பரவால்ல, ஒக்காந்திருக்கேன்." பிறகு என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, சிரித்துக்கொண்டு:

"அடி அண்ணாமலைன்னு சொன்னாங்க உங்களுக்கு. அங்க எங்க? கோயிலாண்டயா, இல்ல அந்தாண்டயா?"

அவருக்குப் பதில் தெரியும். மாதாமாதம் கேட்கிறார். மாதாமாதம் நானும் சிரிக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் பட்டை இறுக ஆரம்பித்தது. கை மரத்துப் போகிற அளவுக்கு இறுகியது. சிரித்தபடியே இருந்தேன்.

ஜூன் 28, சனி

ஹஃப்சா வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். பதினொன்றேகாலுக்கு ஒரு மலை. நான் அப்போது மாடியேறவில்லை, ஓடவில்லை, யாருடனும் சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவளைக் கலங்க வைத்தது அந்த மலை இல்லை. இரவு. எல்லோருக்கும் தூக்கத்தில் பிரஷர் இறங்கும். எனக்கு இறங்கவே இல்லை.

"நீ தூங்கற. உன் ஒடம்பு தூங்கல. காவலுக்கு நிக்குது. எவன் எப்ப என்ன கேப்பான்னு பாத்துக்கிட்டே நிக்குது."

தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை டப்பாவைக் காட்டினாள். "எனக்கும் ரெண்டு ஓடுது. வாரத்துல ஒருத்தராவது என் தலத்துணியப் பாத்துட்டு, டாக்டர் எங்கம்மான்னு என்னையே கேக்கறாங்க. நான்தான் டாக்டர்னு சொன்னா, சரி பரவால்லன்னு எழுந்து போறாங்க."

சிரித்துவிட்டோம். பல வருஷம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தோம். விடுதியில் சிரித்த மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

நாள் முழுக்க வாசித்தேன். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களைப் பற்றி நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. நிறத்துக்காக நாள்தோறும் படும் அவமதிப்பு உடம்பைத் தேய்க்கிறது, அதே வயதுள்ள வெள்ளைப் பெண்களைவிட அவர்கள் உடம்பு மூத்துப் போகிறது என்கிறார்கள். அவமானம் வருமோ என்று எதிர்பார்த்திருப்பதே போதுமாம். சுரப்பிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், இதயம் அடித்துக்கொண்டே இருக்கும், குழாய்கள் தடித்துப் போகும். செல்லுக்குள்கூட வயதின் அடையாளம் முன்கூட்டியே தெரிகிறது என்று சில ஆய்வுகள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி ஒன்று உண்டு. நன்றாகப் படித்து நன்றாகச் சம்பாதிக்கும் பெண்களுக்கும் இது விலகவில்லையாம். எம்.பி.பி.எஸ். கவசம் இல்லை.

ஒரு டாக்டராக என்னையே குறுக்குக் கேள்வி கேட்டேன். பரம்பரை? இருக்கலாம். உப்பு? கருவாடு இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஓர் ஆளை வைத்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சரி. ஆனால் அம்மா சொன்ன அந்த வாகு, மூன்று தலைமுறையாக எங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இதுவரை அது எங்கள் ரத்தத்தில் இருக்கிற குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

கிரிவலப் பாதை மருத்துவ முகாமில் சாயங்கால டியூட்டி. இந்த முறை அடி அண்ணாமலையிலேயே போட்டிருந்தார்கள். கொப்புளம், மயக்கம், சுளுக்கு, ஒரு நெஞ்சுவலி. நிற்க நேரமில்லை.

காலனிப் பெண்கள் கூட்டமாக வந்து கூடாரத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது: "காசி பொண்ணுங்க அது. எங்க தெரு." அதைச் சொன்ன குரல்! கூடாரத்துக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் மறைக்கவில்லை. ஆமாங்க, அந்தத் தெருதான் என்றேன்.

அத்தனை மணி நேரம் நின்றும் தலைவலி இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

வீடு வீடாக பிரஷர் பார்க்கும் ஊழியர், எங்கள் நிலையத்துக்குப் பக்கத்துக் காலனியில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறாள் என்றார். நானே போனேன். பெயர் ரேணுகாம்பாள். ஊராட்சியில் துப்புரவு வேலை. தலை பாதி நரை. முகத்தைப் பார்த்து நாற்பத்தைந்து இருக்கும் என்று எழுதப் போனேன். முப்பத்திநாலு என்றாள். பிரஷர் என்னுடையதைவிட ஜாஸ்தி.

ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.  முனகலாகச் சொன்னாள்.

"இன்னாத்துக்கு மேடம் வரணும்? காலைல போனாலும் ஊருக்காரங்கள எல்லாம் அனுப்பிட்டுத்தான் எங்களக் கூப்புடுவாங்க. மருந்து குடுக்கறவரு மாத்திரய மேலேர்ந்து போடுவாரு. கையில பட்டுடக் கூடாதில்ல. ஒருவாட்டி கீழ வுழுந்துடுச்சி. மண்ணுல பொறுக்கினேன். அதோட வுட்டுட்டேன்."

"நீங்க உள்ள இருக்கீங்க மேடம். உங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

ஜூலை 23

எழுதக் கை வரவில்லை. மேலேர்ந்து போடுவாரு — என் ஆஸ்பத்திரியில. என் ரூம் கதவ சாத்திட்டு நான் பிரசவக் கணக்கப் பாத்துட்டு ஒக்காந்திருந்தப்ப, வெளிய அந்தப் பொண்ணு மண்ணுல மாத்திர பொறுக்கிட்டு இருந்திருக்கா. எங்க நைனாவுக்கு தண்ணி ஊத்தின மாதிரியே. எத்தன வருஷம் ஆச்சு! கம்பம் மாறிச்சு, கம்பி மாறிச்சு — கை மட்டும் அதே ஒசரத்துல நிக்குதே?

போதும். போதும்டா.

ஜூலை 24, வியாழன்

என் கணவர் அருண்பிரசாத் இன்றைக்கு நேராகவே சொல்லிவிட்டார். கூட்டுறவு வங்கியில் அதிகம் பேசாமல் வேலை பார்க்கிற மனுஷர், வீட்டிலும் அப்படித்தான். டவுனுக்கு மாற்றல் வாங்கிக்கொள் என்றார். ஹஃப்சாவும் அதையே சொல்லியிருக்கிறாள்.

"நீ உயிரோட இருந்தாதான் அன்பு எல்லாப் பெருமையும்."

கோபம் வரவில்லை. பயந்து போயிருக்கிறார். கல்யாணப் படத்தில் என் பக்கத்தில் நிற்கும்போது அவர் மூத்தவராகத் தெரிவார். இப்போது வங்கிக்குப் போனால் அவருடைய அக்காவா என்று கேட்கிறார்கள்.

"நான் போயிடலாங்க. ரேணுகாம்பாள் எங்க மாத்தல் வாங்குவா?" என்றேன். அவர் எழுந்து போனார். என் மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தார். சரி என்பதை அவர் இப்படித்தான் சொல்வார்.

ஜூலை 28, திங்கள்

ஊழியர் கூட்டம் வைத்தேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னேன். இன்று முதல் வருகிற வரிசையில் டோக்கன். காலனி, ஊர்த்தெரு என்று இரண்டு வரிசை கிடையாது. டோக்கன் எந்த அறைக்கு வருகிறதோ அந்த டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை உறையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி.

பாலாஜி சிரித்தார். "மேடம், பேப்பர் கப்பு உங்களுக்கு மரியாதைக்குத்தான். புதுசு, சுத்தம்."

"அப்ப அந்த மரியாதைய எல்லாருக்கும் குடுங்க."

"நீங்க தப்பா எடுத்துக்கறீங்க மேடம்."

"சரியாத்தான் எடுத்துக்கறேன் பாலாஜி. நாலு வருஷம் லேட்டு, அவ்வளவுதான்."

டோக்கன் கட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.  

ஜூலை 29

ஸ்டீல் டம்ளரில் டீ. சர்க்கரை போடவே இல்லை, வேண்டுமென்றேவா மறதியா தெரியவில்லை. குடித்தேன். பாலாஜி இனி டீ குடிப்பதில்லையாம்.

மத்தியானம் தேவிப்ரியா கதவைத் தட்டினாள். நின்றுகொண்டே பேசினாள். "அவர் கேக்கும்போதெல்லாம் நான் போய்ப் பாத்தேன் மேடம். உங்களுக்கு வேல கம்மியாவட்டும்னு நெனச்சேன்." கதவைச் சாத்தினாள். "இல்ல. அப்பிடி நெனக்கல. எதுக்குக் கேக்கறாருன்னு எனக்குத் தெரியும்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். 

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்ணாயிரம் வந்தார். அவர் டோக்கன் என் அறைக்கு. நேராக தேவிப்ரியாவின் அறைக்குப் போனார். அவள் குரல் இங்கே கேட்டது: "உங்க நம்பர் மேடம் ரூமுக்கு வந்திருக்குங்க. அங்கதான் போவணும்."

"நம்ம பொண்ணு நீ, இப்பிடிப் பேசற?"

"அங்கதாங்க போவணும்."

பார்க்காமலே போய்விட்டார். என் ரத்தம் எவ்வளவுக்கு ஏறியதோ! அந்தக் கருவி இருந்திருந்தால் பெட்டியே வெடித்திருக்கும். ஆனால் இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 13

எதிர்பார்த்ததுதான். மாவட்டத்துக்கு என்மேல் மனு போயிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குள் சாதியைக் கொண்டுவருகிறேனாம்.

நான்!

ஆகஸ்ட் 25, திங்கள்

விசாரணை என்று கடிதம் வந்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை. ஹஃப்சா மாத்திரையைக் கூட்டினாள். "வேணாம்னா விட்டுடு. உன் கிட்னி எனக்கு முக்கியம்" என்றாள்.

விட்டாலும் ஏறும், விடாவிட்டாலும் ஏறும் என்றேன். சிரித்து ஏற்றினது போதும்.

அந்த மனுவுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போடச் சொல்லி ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போகிறார்களாம். தமிழ்செல்வி என்று ஒருத்தி, போன ஐப்பசியில் எங்களிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவள், மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "டோக்கன் வந்த பொறவு நானும் சீக்கிரமா ஊட்டுக்குப் போறேன். எதுக்கு கையெழுத்து?" என்று கேட்டாளாம். நல்ல காரணம். எனக்காக இல்லை. அதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை வரி விடாமல் எழுத வேண்டும்.

விசாரணை அதிகாரி, அவரும் ஒரு டாக்டர்தான், என் அறையிலேயே உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் இல்லை. மனுவைப் படித்தார். டோக்கன், டம்ளர், மாத்திரை எல்லாம் கேட்டார். பாலாஜியை விசாரித்தார். தேவிப்ரியாவை விசாரித்தார். அவள் தெரிந்ததை எல்லாம் சொன்னாள், கண்ணாயிரம் தன்னிடம் பேசியதையும். சொல்லும்போது முகம் சிவந்துபோயிருந்தது. இன்று ஊருக்குப் போனால் அவளுக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறதோ.

கடைசியில் அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்ல டாக்டர்னு ரெக்கார்டு சொல்லுது. இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஒரு கப்பு, ஒரு வரிசை. இதப் பெருசாக்கணுமா?"

என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் திறந்ததும் வந்தது.

"சார், எனக்கு என்ன வயசு இருக்கும்னு நெனக்கறீங்க?"

தயங்கினார். என் தலையை, முகத்தை, கண்ணாடியைப் பார்த்தார். மரியாதைக்காகக் கொஞ்சம் குறைக்கிறார் என்பது தெரிந்தது. "ஒரு... நாப்பத்தெட்டு? அம்பதுக்குள்ள?"

"முப்பத்தொன்பது."

அவர் என் கோப்பைத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு மூடினார்.

"ஒவ்வொண்ணும் சின்னதுதான் சார். ஒரு கப்புல யாரும் சாவறதில்ல. ஆனா தெனமும் அந்தக் கப்பு வருமா வராதான்னு ஒடம்பு காத்துக்கிட்டு இருக்கு. தூக்கத்துலயும் காத்திருக்கு. என் ரத்தக்குழாய்க்கு அம்பது வயசு. எங்கப்பா அம்பத்தொண்ணுல போய்ட்டாரு. இதுதான் காரணம்னு என்னை ஒருத்திய வெச்சு நிரூபிக்க முடியாது, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனா வெளிய ஒரு பொண்ணு நிக்குது. அதையும் கேளுங்க."

ரேணுகாம்பாள் வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. வேலைச் சீருடையோடு, இன்னும் நான்கைந்து பெண்களோடு வந்து வராந்தாவில் நின்றிருந்தாள். அவர் எழுந்து வெளியே போனார். நான் உள்ளேயே இருந்தேன், அவள் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்று. அவர் வயது கேட்டதும் அவள் சொன்னதும் கேட்டது. பிறகு அவள் மாத்திரை கதையைச் சொன்னாள். எனக்குச் சொன்ன மாதிரி முனகவில்லை. வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, பாலாஜியின் ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவர் திரும்பி வந்து ரொம்ப நேரம் எழுதினார். கிளம்பும்போது, "டோக்கன் முறை தொடரட்டும் டாக்டர். நான் எழுதிடறேன்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "பிரஷருக்கு ஒழுங்கா மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டார். அப்போது டாக்டராகக் கேட்டார், அதிகாரியாக இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அத்தினி பேர் எதிர்ல ஒன் வயச சொன்னியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா கேட்டியே, போ!" என்று என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

நான் காசி மகள். தங்கம்மாள் மகள். இன்றைக்கு இதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மனு தள்ளுபடி. பாலாஜிமேல் தனி நடவடிக்கைக்குப் பரிந்துரை. அதற்குள் அவரே வேறிடத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

கண்ணாயிரம் டவுனில் தனியார் டாக்டரிடம் போகிறாராம். போகட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் சரி.

தேவிப்ரியா வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. "என்கிட்ட சிரிக்காத, சொல்லு" என்றேன். கொஞ்சம் அழுதாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ஹஃப்சா எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். பிரஷர் இறங்கியிருக்கிறது. மாத்திரையா, மனசா என்று கேட்டேன். "ரெண்டும்னு வெச்சுக்க. எனக்கு எது இறக்கினா என்ன?" என்றாள். சிறுநீரில் கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கண் குழாய்கள் அப்படியேதான். மாதவிலக்கு திரும்பாது. அதற்காக ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன். அருணும் கூட உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை, இனி இல்லை. இதை ஒரே ஒரு வரியில்தான் எழுத முடிகிறது.

போன வயது திரும்பாது. அது எனக்குத் தெரிந்த மருத்துவம். ஆனால் அது என் வாகு இல்லை என்றும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் சொன்னேன்.  "அப்போ எங்கம்மா ஒடம்பு நல்ல ஒடம்புதானா?" என்று கேட்டாள்.

நல்ல உடம்புதான்மா. ரொம்ப நல்ல உடம்பு. அத்தனையும் தாங்கிக்கொண்டு நாற்றும் நட்டு உன்னையும் பெற்ற உடம்பு.

ஜனவரி 20, 2026, செவ்வாய்

எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஏன் எழுதவில்லை என்று யோசித்தால் காரணம் ஒன்றும் இல்லை. வேலை.

இன்று காலை பஸ் பஞ்சர். தாமதமாகத்தான் போனேன். வராந்தாவில் ஒரே சத்தம். பிரஷர், சர்க்கரை நாள் என்பதால் ஊர்த்தெருவும் காலனியும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ரேணுகாம்பாளும் தமிழ்செல்வியும் எழுந்து நின்று சண்டை.

"நான் வாயக் கொப்புளிக்கப் போய்ட்டு வரதுக்குள்ள என் எடத்துல ஒக்காந்துக்கின?" இது ரேணுகாம்பாள்.

"ஒம் பேரு எழுதியிருக்குதா பெஞ்சுல? நானும் நம்பரு வெச்சிருக்கேன்!"

"இன்னா பெரிய நம்பரு? எனுக்குப் பொறவுதான் நீ! கண்ணு தெரியலியா?"

"தெரியுதுடி, நல்லா தெரியுது. சித்த நவுந்து ஒக்காரு, நானும் ஒக்காறேன்!"

சத்தம் போடாதீங்க, இது ஆஸ்பத்திரி என்று நடுவில் போனேன். இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரேணுகாம்பாள்தான் ஆரம்பித்தாள்:

"நீங்க ஒழுங்கா நேரத்துக்கு வந்திருந்தா எங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் சண்ட?"

"கேளு, நல்லா கேளு!" என்றாள் தமிழ்செல்வி.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தேவிப்ரியா தன் அறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிச்சுக்குங்க, பஸ் பஞ்சர் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். கோட்டை மாட்டிக்கொண்டேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள்.